வாத்துக் குஞ்சின் தீவனமும் எச்சமும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாத்துக் குஞ்சு வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே பலருக்கும் எழும் கேள்வி, "எச்சம் இப்படித் தண்ணியாகப் போகிறதே, வயிற்றுப்போக்கா?" என்பதுதான். பெரும்பாலும் இல்லை. வாத்து ஒரு வாய் தீவனம் எடுத்தால் அடுத்த நொடி தண்ணீருக்கு ஓடும். தண்ணீரோடு சேர்த்து விழுங்குவதுதான் அதன் இயல்பு. அதனால் எச்சமும் கோழிக் குஞ்சினுடையதைவிட எப்போதும் நீர்த்தே இருக்கும். கோழி வளர்த்துப் பழகியவர்கள்தான் இதைப் பார்த்து அதிகம் பயப்படுகிறார்கள்.

எச்சத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடந்த சில மணி நேரத்தில் என்ன தின்றது, எப்படி நடமாடுகிறது, எடை ஏறுகிறதா என்ற மூன்றையும் கூடவே பார்க்க வேண்டும். தீவனம் சரியாக இருந்தால் எச்சத்தில் வரும் மாற்றம் சட்டென்று கண்ணில் படும். தீவனமே நாளுக்கொரு விதமாக இருந்தால் எச்சமும் நாளுக்கொரு நிறமாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் தீவனத்தைச் சரி செய்வோம்.

முதல் இரண்டு நாள்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அது தாங்கும். எனவே பொரித்த உடனே தீவனத்தைத் திணிக்க வேண்டியதில்லை. குஞ்சு நன்றாக உலர்ந்து, தன் காலில் நிற்கத் தொடங்கியதும் முதலில் தண்ணீரைக் காட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலகு நுனியை மட்டும் ஒருமுறை நனைத்தால் போதும், மற்றதை அதுவே கற்றுக்கொள்ளும். எல்லாக் குஞ்சுகளும் தண்ணீர் குடித்துவிட்டன என்று தெரிந்த பிறகு தீவனம் வையுங்கள்.

பயணத்தில் வெகுநேரம் தண்ணீர் இல்லாமல் வந்த குஞ்சுகளிடம் கவனம் தேவை. தாகத்தில் ஒரே மூச்சாகக் குடித்துத் தள்ளாடி விழும். அவற்றுக்கு முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக, சில நிமிட இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

சூடும் செரிமானத்தோடு சேர்ந்த விஷயம். புரூடரில், அதாவது விளக்கு வைத்துக் குஞ்சுகளைச் சூட்டோடு வளர்க்கும் பெட்டியில், குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் சுமார் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் குஞ்சு தின்னாது. சூடு தாங்காமல் வாய் திறந்து மூச்சுவிடும் குஞ்சு தண்ணீரை மட்டும் குடித்துத் தண்ணீராகவே எச்சமிடும். விளக்கை ஒரு ஓரமாக வைத்தால் வேண்டிய சூட்டைக் குஞ்சே தேடிப் போய்க்கொள்ளும். எல்லாம் விளக்கடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை, எல்லாம் எதிர் மூலைக்கு ஓடினால் சூடு அதிகம்.

தரையில் செய்தித்தாளை விரிக்காதீர்கள். ஈரமானால் வழுக்கும், கால்கள் பக்கவாட்டில் விரிந்து அப்படியே நின்றுவிடும். முதல் மூன்று நான்கு நாள் சொரசொரப்பான துணியோ வெள்ளைச் சமையலறைக் காகிதமோ போதும். வெள்ளை என்றால் எச்சத்தைப் பார்க்கவும் வசதி. தீவனம் எது, தரை எது என்று குஞ்சுக்குத் தெரிந்த பிறகு மரச்சீவலுக்கு மாறலாம். பொடியான மரத்தூள் வேண்டாம். தீவனமென்று நினைத்துத் தின்னும்.

எந்தத் தீவனம், எவ்வளவு புரதம்

வாத்துக் குஞ்சுகளுக்கென்றே தயாரித்த தொடக்கத் தீவனம் கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் கோழிக் குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் தீவனம் போதும், மூன்று நிபந்தனைகளோடு.

முதலாவது, புரத அளவு. முதல் இரண்டு வாரம் 20 முதல் 22 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து 16 முதல் 18 சதவீதத்துக்கு இறக்கிவிட வேண்டும். புரதம் கூடினால் நல்லதுதானே என்று அப்படியே தொடர்வது, புதியவர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. உடம்பும் சிறகும் அளவுக்கு மீறிய வேகத்தில் வளரும். ரத்தம் ஓடும் புதிய இறகுகளின் கனத்தைத் தாங்காமல் இறக்கையின் கடைசி மூட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தொடக்கத்திலேயே கவனித்து இறக்கையைச் சரியான மடிப்பில் வைத்து மென்மையான கட்டுப் போட்டு, புரதத்தைக் குறைத்தால் சில நாளில் திரும்பிவிடும். எலும்பு இறுகிவிட்டால் ஆயுள் முழுக்க அப்படியேதான்.

இரண்டாவது, மருந்து கலக்காத தீவனமாக இருக்கட்டும். கோழிக் குஞ்சுத் தீவனம் பலவற்றில் ரத்தக்கழிச்சல் என்ற குடல் ஒட்டுண்ணி நோயைத் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அந்த அளவு கோழிக் குஞ்சு தின்னும் அளவைக் கணக்கிட்டுச் சேர்த்தது. வாத்துக் குஞ்சு அதைவிட அதிகம் தின்னும். பையின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனம் கூடவே கூடாது. அதில் முட்டை ஓட்டுக்காகச் சுமார் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதம் அளவே போதும். மிஞ்சிய கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெடும். பெரிய வாத்துகளோடு சேர்த்து வளர்ப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனம் அல்லது வளர்தீவனத்தையே போட்டு, பெரியவற்றுக்கான கிளிஞ்சல் தூளைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

வடிவமும் முக்கியம். குருணைத் தீவனம் அல்லது 3 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய குச்சித் தீவனம் சரிப்படும். மாவாக இருக்கும் தீவனம் எச்சிலோடு சேர்ந்து அலகிலும் மூக்குத் துளையிலும் பசையாக ஒட்டி அடைக்கும். மாவுதான் கையில் இருக்கிறது என்றால் பிடித்தால் உருண்டையாகும் பதத்தில் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள். ஈரத் தீவனம் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும், மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தீவனம் எந்நேரமும் இருக்கட்டும். அதன் பிறகு இரவில் எடுத்துவிடலாம். எடுப்பதானாலும் ஒரே விதிதான்: தீவனம் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது. உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைத்துக்கொண்டால் நிமிடங்களில் உயிர் போய்விடும்.

நியாசின்: கோழித் தீவனத்தில் குறையும் சத்து

கோழித் தீவனத்தை நம்பியிருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வைட்டமின் பி3 எனப்படும் நியாசின், வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 55 மில்லிகிராம் தேவை. கோழிக் குஞ்சுத் தீவனத்தில் பெரும்பாலும் அதில் பாதியோ சற்றுக் கூடுதலோதான் இருக்கும். கோழி தன் உடம்பிலேயே புரதத்திலிருந்து கொஞ்சம் நியாசின் தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் மிகக் குறைவு.

குறைந்தால் எச்சத்தில் எதுவும் தெரியாது, காலில்தான் தெரியும். காலின் நடு மூட்டு வீங்கும், கால் வளையும். குஞ்சு நடக்காமல் அந்த மூட்டின் மேலேயே உட்காரும், இறக்கையை ஊன்றி நகரும். தட்டுக்கு நடந்து வர முடியாததால் தீவனம் குறைந்து எச்சமும் பிறகு மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று வைத்தியம் பார்த்துக்கொண்டே காலைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு.

தீர்வு சுலபம். ஒரு கிலோ தீவனத்துக்கு 50 கிராம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்டை உலர்த்தி, உயிரற்றதாக்கியது, நியாசின் நிறைந்தது) தூள் கலந்துவிடுங்கள். கைக்கணக்கில், ஒரு கோப்பைத் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. உலர்வாகக் கலந்தால் தூள் எல்லாம் தட்டின் அடியில் தங்கிவிடும். எனவே தீவனத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிறகு தூவிப் பிசறுங்கள், குருணையோடு ஒட்டிக்கொள்ளும். ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் வேறு, அது உயிருள்ளது, வயிற்றுக்குள் போய்ப் பொங்கும், அதைப் போடாதீர்கள்.

ஈஸ்ட் கிடைக்காவிட்டால் நியாசின் மாத்திரையைப் பொடித்து, ஒரு லிட்டர் குடிநீருக்குச் சுமார் 30 மில்லிகிராம் என்ற அளவில் கரைத்துத் தினமும் புதிதாக வைக்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை வேண்டாம். எட்டு முதல் பத்து வாரம் வரை இந்தச் சேர்க்கை தொடரட்டும். கால் ஏற்கெனவே வளைந்திருந்தால் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கூட்டுங்கள். சீக்கிரம் பிடித்தால் சில நாளிலேயே குஞ்சு எழுந்து நடக்கும்.

தண்ணீர்

அலகும் மூக்குத் துளையும் முழுதாக மூழ்கும் ஆழம் வேண்டும். வாத்து மூக்கையும் கண்ணையும் தண்ணீரில்தான் கழுவிக்கொள்ளும். அந்த ஆழம் இல்லாவிட்டால் தீவனத் தூள் மூக்கில் அடைத்து, கண்ணில் பீளை கட்டும். அதே சமயம், முதல் வாரக் குஞ்சு உள்ளே இறங்கி நனையவும் கூடாது. தாயோடு வளரும் குஞ்சுக்குத் தாயின் இறகு எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பொரிப்பானில் பிறந்ததற்கு அது கிடையாது, நனைந்தால் ஊறிக் குளிர்ந்துவிடும். கிண்ணத்துக்குள் கழுவிய கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் அலகு நுழையும், உடம்பு நுழையாது. நீந்த விடுவதானால் வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் சில நிமிடம், கண் பார்வையில். வெளியே எடுத்ததும் துணியால் ஒற்றி விளக்கடிக்கு.

படுக்கை நனைவதுதான் அன்றாடத் தலைவலி. தட்டையான ஒரு தட்டின் மேல் குஞ்சின் கால் சிக்காத நுண்கண்ணிக் கம்பி வலையைப் பொருத்தி, அதன் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வையுங்கள். சிந்தும் தண்ணீர் தட்டில் இறங்கிவிடும், மரச்சீவல் உலர்ந்திருக்கும். இந்த ஒரு ஏற்பாடு பாதி நோயைத் தடுக்கும். ஈரப் படுக்கையில்தான் ரத்தக்கழிச்சல் கிருமியும் பூஞ்சையும் பெருகும். தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது மாற்றுங்கள். அதற்குள் அது சேறாகியிருக்கும்.

பச்சை, புழு, கல்

முதல் வாரம் முழுக்கத் தீவனம் மட்டுமே போதும். அதன் பிறகு பொடியாக நறுக்கிய லெட்டூஸ், வெள்ளரி, உறைநீக்கி நசுக்கிய பச்சைப் பட்டாணி, ஒன்றிரண்டு மண்புழு என்று கொடுக்கலாம். மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கீரையைத் தண்ணீரில் மிதக்க விட்டால் விளையாட்டாகவே தின்னும்.

தீவனம் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் கல் வேண்டும். வாத்துக்குப் பல் இல்லை, அரைவைப்பையில் இருக்கும் சிறு கற்கள்தான் உணவை அரைக்கும். 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள சுத்தமான பருமணலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும், தீவனத்தில் கலக்காதீர்கள். கிளிஞ்சல் தூள் இதற்கு மாற்றாகாது. அது வயிற்றில் கரைந்து கால்சியமாகிவிடும்.

புதிதாக எதையும் ஒரு நாளைக்கு ஒன்றாக, சிறிதளவில் அறிமுகப்படுத்துங்கள். மூன்று புதுப் பொருளை ஒரே நாளில் போட்டுவிட்டு மாலையில் எச்சம் இளகினால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், வெங்காயம், உப்புச் சேர்த்த எதுவும், வேகாத உலர் பயறு. ரொட்டி நஞ்சு இல்லை. ஆனால் வயிறு நிறைந்துவிடும், சத்து கிடைக்காது, வளரும் குஞ்சுக்கு அதுவே கேடு. பாலைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை, கழிச்சலில்தான் முடியும்.

பூஞ்சை பிடித்த தீவனம்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. வளர்ப்புப் பறவைகளில் அதற்கு மிக எளிதில் பலியாவது வாத்துக் குஞ்சுதான். கோழி தாங்கும் அளவு இதைக் கொன்றுவிடும்.

காயவைத்தாலோ வேகவைத்தாலோ அந்த நஞ்சு போகாது. கட்டி கட்டியாக, மக்கிய வாடையோடு இருக்கும் தீவனத்தை மேலோட்டமாகப் பொறுக்கிவிட்டுப் போடுவதும் வீண். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நஞ்சு இருக்கும். முழுப் பையையும் கொட்டிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்கி, காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில், தரையில் படாமல் வையுங்கள். பழைய தீவனத்தின் மேலேயே புதியதைக் கொட்டாமல், டப்பாவைக் காலி செய்து துடைத்துவிட்டு நிரப்புங்கள்.

சரியான எச்சம் எப்படி இருக்கும்

பறவைக்கு மலமும் சிறுநீரும் ஒரே வழி. ஒரு எச்சத்தில் மூன்று பாகம் உண்டு: பழுப்போ பச்சை கலந்த பழுப்போ ஆன மலம், அதன் மேல் வெள்ளைத் தொப்பி போன்ற யூரிக் அமிலம், சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளை சிறுநீரகத்திலிருந்து வருவது. வெள்ளையைப் பார்த்ததும் வெள்ளைக்கழிச்சல் என்று பதற வேண்டாம்; வெள்ளை இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பொரித்த முதல் நாள் எச்சம் கரும்பச்சையாக, பிசுபிசுப்பாக இருக்கும். மஞ்சள் கரு கரையும்போது ஒன்றிரண்டு மஞ்சளாகவும் வரும். தீவனம் தின்னத் தொடங்கியதும் பழுப்புக்கு வந்துவிடும். விழித்திருக்கும் குஞ்சு கால் மணிக்கு ஒருமுறை எச்சமிடுவது சாதாரணம்.

இவற்றுக்கு நடுவே அவ்வப்போது ஒன்று கரும்பழுப்பாகவோ கடுகு நிறத்திலோ, களிம்பு போல, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு விழும். அது குருட்டுக்குடல் எச்சம். நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் அந்தக் குடல் இரண்டும் தம்மைக் காலி செய்துகொள்கின்றன என்று பொருள். நோயல்ல, குடல் வேலை செய்வதன் அடையாளம். எல்லா எச்சமும் அப்படியே வந்தால்தான் கோளாறு.

பார்க்கும் முறை

காலையில், தண்ணீரும் தீவனமும் புதிதாக வைத்த பிறகு, படுக்கையின் மேல் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். 20 நிமிடம் குஞ்சுகளைத் தொடாமல் விடுங்கள். கையில் தூக்கிய குஞ்சு பயத்தில் வெறும் நீராக எச்சமிடும், அது கணக்கில் வராது.

மூன்று குஞ்சுகள் இருக்கும் புரூடரில் காகிதத்தில் ஏழு எச்சம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பழுப்பு, வெள்ளைத் தொப்பியோடு. ஒன்று கடுகு நிறக் களிம்பு. ஒன்று வெறும் நீர், நடுவில் சிறிது வெள்ளை. ஐந்தும் இயல்பு, ஆறாவது குருட்டுக்குடல், ஏழாவது இப்போதுதான் வயிறு முட்டத் தண்ணீர் குடித்த குஞ்சினுடையது. கவலை இல்லை. அதே ஏழில் நான்கு நீராக இருந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள், பிறகு நேற்று என்ன புதிதாகக் கொடுத்தோம் என்று பாருங்கள். ஒரே ஒரு எச்சம் விநோதமாக இருந்தால் காத்திருங்கள். தொடர்ந்து மூன்று ஒரே மாதிரி விநோதமாக இருந்தால் எந்தக் குஞ்சு என்று தேடுங்கள். காலில் வண்ண வளையம் மாட்டியிருந்தால் தேடுவது சுலபம். கால் தடிக்கும் வேகத்துக்கு வாரம் ஒருமுறை வளையத்தை மாற்ற மறக்காதீர்கள்.

கூடவே சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறியுங்கள். முதல் நாள் சற்று இறங்கலாம், அதன் பிறகு தினமும் ஏற வேண்டும். கனமான இனங்களில் ஒரு வாரத்தில் பிறந்த எடையைப் போல் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். இரண்டு நாள் தொடர்ந்து ஏறாத எடை, எந்த நிற எச்சத்தையும்விடப் பெரிய எச்சரிக்கை.

நிறம் மாறினால்

பச்சை: கீரையோ பட்டாணியோ தின்றிருந்தால் பச்சையாகத்தான் போகும், சில மணி நேரத்தில் பழுப்புக்குத் திரும்பும். எச்சத்தில் பட்டாணித் தோல் முழுசாகக் கிடந்தால் கல் போதவில்லை அல்லது துண்டு பெரிது. பச்சை எதுவும் தின்னாமலே பளிச்சென்ற பச்சை வந்தால் விஷயம் வேறு. பறவையின் பித்தம் பச்சை நிறம். குடலில் உணவு இல்லாதபோது பித்தம் மட்டும் வெளியேறும். அதாவது அந்தக் குஞ்சு தின்னவில்லை. மற்றவை அதைத் தட்டருகே விடாமல் துரத்துகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது தட்டு வைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். தின்ன இடமிருந்தும் தின்னாமல் சோர்ந்திருந்தால் தொற்றோ ஈயம் போன்ற உலோக நஞ்சோ இருக்கலாம். பளபளக்கும் ஆணி, கம்பித் துண்டு, நாணயம் எதையும் வாத்து விழுங்கிவிடும்.

சிவப்பு: பீட்ரூட் போன்ற நிறமுள்ள எதையாவது தின்றதா என்று முதலில் யோசியுங்கள். இளஞ்சிவப்பாக ஒரு சிறு சவ்வு எப்போதாவது வருவது குடலின் உள்தோல் உதிர்வது. ஒருமுறையோடு நின்றால் விட்டுவிடலாம். ரத்தம் சொட்டாகவோ கட்டியாகவோ தெரிந்தால், ரத்தக்கழிச்சல் அல்லது கடுமையான குடல் அழற்சி. மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

மஞ்சள், நுரை: நுரைத்து வரும் மஞ்சள் எச்சம் பெரும்பாலும் குடல் தொற்று. வெள்ளையாக இருக்க வேண்டிய தொப்பி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். பூஞ்சைத் தீவன வாய்ப்பும் இதில் வரும்.

வெள்ளை மட்டும்: மலம் ஏறக்குறைய இல்லாமல் சுண்ணாம்புக் கரைசலாகப் போனால், குஞ்சு தின்னவில்லை அல்லது சிறுநீரகம் திணறுகிறது. லேயர் தீவனம் எங்காவது கலந்ததா என்று பாருங்கள்.

கறுப்பு: தார் போன்ற கறுப்பு மேல்குடலில் ரத்தம் கசிவதைக் காட்டும். மண்ணைக் கிளறித் தின்ற குஞ்சின் எச்சமும் கறுக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் மண் அடியில் தங்கும்.

ஆசனவாயில் எச்சம் ஒட்டிக்கொண்டால்

கோழிக் குஞ்சு அளவுக்கு இல்லாவிட்டாலும் வாத்துக் குஞ்சுக்கும் இது வரும், முதல் வாரத்தில். சூட்டு மாறுபாடு, பயண அலுப்பு, தண்ணீர் போதாமை ஆகியவை வழக்கமான காரணங்கள். அடைத்துக்கொண்டால் குஞ்சு செத்துவிடும்.

1. முதலில் இடத்தைச் சரியாகப் பாருங்கள். ஆசனவாய் வாலுக்கு நேர் கீழே இருக்கும். அதற்கு முன்னால், வயிற்றுப் பக்கம் காய்ந்து ஒட்டியிருப்பது தொப்புள். அதை இழுத்தால் குடல் வெளியே வரும், தொடவே கூடாது.
2. மென்துணியை வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒற்றிப் பிடியுங்கள்.
3. இளகியதைத் துடைத்தெடுங்கள். பிய்க்க வேண்டாம், இறகோடு தோலும் வந்துவிடும்.
4. உலர்த்தி, தாவர எண்ணெய் ஒரு துளி தடவி, விளக்கடியில் விடுங்கள்.
5. அன்றைக்கு மூன்று நான்கு முறை பாருங்கள். திரும்பத் திரும்ப ஒட்டினால் சூட்டையும் தீவனத்தையும் சரிபார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது

எச்சம் இளகியிருக்கிறது, ஆனால் குஞ்சு ஓடுகிறது, தின்கிறது, கத்துகிறது, எடை ஏறுகிறது என்றால் ஒரு நாள் பார்க்கலாம். அந்த ஒரு நாளில் கீரை, புழு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் தீவனமும் சுத்தமான தண்ணீரும் மட்டும் வையுங்கள், படுக்கையை முழுதாக மாற்றுங்கள். பெரும்பாலான இளக்கம் இதிலேயே நிற்கும். கையிலிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கரைத்து எல்லாவற்றுக்கும் கொடுப்பது, நோய் எது என்று பின்னால் கண்டுபிடிக்கும் வழியையும் அடைத்துவிடும்.

ரத்தம், பல மணி நேரம் தின்னாமை, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகலோடு பச்சைக் கழிச்சல், தலை நடுக்கம், கழுத்து பின்னால் வளைந்து கால் உதைப்பது, கழுத்துத் துவண்டு தொங்குவது, வாய் திறந்து திணறும் மூச்சு, ஒரே நாளில் இரண்டு குஞ்சுக்கு ஒரே அறிகுறி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை வைரஸ் ஈரல் அழற்சி தாக்கினால், அறிகுறி தெரிந்து சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும்.

நோய்ப்பட்டதைத் தனியாக வையுங்கள், ஆனால் மற்றவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில். ஒற்றையாக விட்ட வாத்துக் குஞ்சு கத்தியே களைத்துவிடும். நல்ல குஞ்சுகளை முதலில் கவனித்துவிட்டு, கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். எச்சத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குஞ்சைத் தொட விடாமல் இருப்பதே நல்லது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது எச்ச மாதிரியைக் கொண்டுபோனால் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அன்று விழுந்த இரண்டு மூன்று எச்சங்களை, மரச்சீவல் ஒட்டாமல், சுத்தமான மூடியுள்ள சிறு டப்பாவில் எடுங்கள். குருட்டுக்குடல் எச்சம் ஒன்றும் அதில் இருக்கட்டும். தேதி, நேரம், குஞ்சின் வயது, எடைக் குறிப்பு, தீவனப் பையின் லேபிள் புகைப்படம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். உடனே போக முடியாவிட்டால் டப்பாவைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருள் படாமல் வேறொரு பைக்குள் வைக்கலாம். உறைய வைத்தால் ஒட்டுண்ணி முட்டைகள் சிதைந்து சோதனை பொய்த்துவிடும்.